குமேஜி வீட்டு மருமகளும் வெட்டிச் சுருக்கிய வாளும்

இசோயே எங்கள் ஊருக்கு வாழ வந்த நாளில், படகு கரையைத் தொடுவதற்கு முன்பே குதித்து இறங்கி, கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். கல்யாணப் பெண் செய்கிற காரியமா இது என்று துறையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று. எதிரே தெரிகிற தீவில் பிறந்தவள். அகன்ற தோள், பெரிய கைகள். எங்கள் ஊரான ஹினாசேயில் சிப்பி உடைக்கும் கொட்டகையில் என் பக்கத்து இடம் அவளுக்குக் கிடைத்தது. வீடும் வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

கல்யாணமான மறு வருஷமே அவள் புருஷன் குனியோவைப் போருக்கு அழைத்துப் போனார்கள். தெற்கே ஏதோ ஒரு தீவில் இறந்துபோனான் என்று சொல்லி, வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கல் மட்டும் இருந்தது. இடுப்பில் கைக்குழந்தை நமியே. பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். அவள் போகவில்லை. மாமனார் குமேஜிக்குச் சமைத்துப் போட்டாள், கடலில் சிப்பி வளர்க்கிற தெப்பங்களைப் பார்த்துக்கொண்டாள், குளிர்காலம் முழுக்கச் சிப்பி உடைத்தாள்.

குமேஜி மோசமான மனுஷர் இல்லை. ஆனால் மருமகளைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு உலகத்தில் பெருமை என்று இருந்தது ஒன்றே ஒன்று, வீட்டு வாள். முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் யாரோ பிரபுவின் குதிரைக்குப் பின்னால் ஓடிப் போர் செய்து வாங்கிய வாள் என்பார். புத்தாண்டு அன்று மூச்சுக் காற்றுப் படாமல் இருக்க ஒரு தாளை உதட்டில் கவ்விக்கொண்டு அதை உறையிலிருந்து எடுப்பார். எண்ணெய் தடவி, பார்த்து, திரும்ப வைப்பார். அந்த வீட்டில் பெண் கை அதன்மேல் படக்கூடாது. இசோயே அடுப்படி வாசலிலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

போர் முடிந்ததும் வீடுகளில் இருக்கிற வாள்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குமேஜி வாளுக்கு எண்ணெய் தடவி, மெழுகுத் தாளில் சுருட்டி, தெப்பத்துக்கு வைத்திருந்த மூங்கில் ஒன்றுக்குள் செருகினார். பரணில் மற்ற மூங்கில்களோடு அதையும் ஏற்ற வேண்டும். ஏணியில் ஏற அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இசோயேதான் ஏறினாள்.

“மகனைக் கொடுத்தாச்சு. இதையும் கொடுன்னா என்னால முடியாது” என்றாராம். பிறகு, “மூங்கில மட்டும் புடி. உள்ள கைய விட்டுறாத” என்றும் சொன்னாராம். அந்த நிலைமையிலும் அவருக்கு அந்தக் கவலை.

சில வருஷம் கழித்துச் சட்டம் மாறியது. பழைய வாள்களைக் கொண்டுவந்து காட்டிப் பதிந்துகொண்டால் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். குமேஜி பயந்து பயந்து தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு வசந்த காலத்தில் இசோயேயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒகாயாமாவுக்கு ரயிலேறினார். வாள் மூட்டையை அவரே நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார்.

அங்கே நடந்ததை அன்று சாயங்காலமே இசோயே எனக்குச் சொன்னாள். மதிப்பீடு செய்கிறவர் ஒல்லியான, சாந்தமான மனுஷர். பிடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வாளைச் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

“ஐயா, இது நல்ல சாமான். அறுநூறு வருஷத்துக்குக் கொறையாது. நம்ம ஒசாஃபுனே பக்கத்துல அடிச்சதுதான். ஆனா பொறக்கும்போது இது வாளாப் பொறக்கல.”

“வேற என்னவாம்?”

“நகினாத்தா. ஆள் உசரத் தடியோட நுனியில செருகி வீசுவாங்களே, அது. பின்னாடி காலம் மாறிப்போச்சு, எல்லாரும் இடுப்புல கட்டுறதுக்கு வாள் தேடுனாங்க. நல்ல இரும்பைத் தூக்கிப் போட மனசு வருமா? அடிப்பக்கம் வெட்டி, நுனியில முதுகைத் தேய்ச்சு, வாளா ஆக்கிட்டாங்க. இந்தப் பள்ளம் ஓடுது பாருங்க, நுனி கொஞ்சம் அகலமா இருக்குது பாருங்க. அதெல்லாம் பழைய அடையாளம்.”

குமேஜியின் முகம் வெளுத்துவிட்டது. “நகினாத்தான்னா பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைங்க சுத்துறது.”

“அது இப்ப. இது செஞ்ச காலத்துல தாடி வச்ச ஆளுங்கதான் சுத்துனாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க. தாராளமா வச்சுக்கலாம், கையோட பதிஞ்சு தந்துடுறேன்.”

பின்னால் சொன்ன எதுவும் குமேஜியின் காதில் ஏறவில்லை. திரும்பி வருகிற ரயிலில் மூட்டையை இசோயேயின் மடியில் போட்டார். “இந்தா, பொம்பளைங்க சாமானாம். நீயே தூக்கிட்டு வா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒனக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

இசோயே எடை பார்ப்பது போல இரண்டு கைகளையும் ஏந்திக் காட்டினாள். “நுனிப்பக்கம் கனம் இழுத்துச்சுக்கா. இன்னும் தடியத் தேடுற மாதிரி இருந்துச்சு” என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவள் தீவுப் பள்ளிக்கூடத்தில் நகினாத்தா பழகியவள் என்று. அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். என்னைப் போன்றவர்கள் மணி அடித்ததும் தடியை மூலையில் சாய்த்துவிட்டு ஓடிவிடுவோம். அவள் மணி அடித்த பிறகும் நின்றிருக்கிறாள்.

ஊரில் விஷயம் பரவ நாளாகவில்லை. முடிவெட்டுகிற கடையில் குமேஜி நாற்காலியில் உட்கார்ந்ததுமே கேட்பார்களாம்: “அண்ணே, உங்க வீட்டு வாளு எந்த வீட்டுக்கு மருமகளாப் போகுது?” குமேஜி முடி வெட்டிக்கொள்வதையே நிறுத்திவிட்டார். பொதுக் குளியல் வீட்டுக்கும் கடைசி ஆளாகத்தான் போவார். புத்தாண்டு வந்தது, வாள் உறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடும் குறைந்தது. மிசோ சாற்றை மட்டும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார் என்று இசோயே வருத்தப்பட்டாள்.

அந்த வாள் குமேஜியின் தம்பி மகன் தெட்சுரோவுக்குப் போக வேண்டியது என்பது பேச்சு. நமியே பெண் பிள்ளை, அதனால் அப்படி. தெட்சுரோ ஒகாயாமாவில் வேலையில் இருந்தான். மூங்கில் வாளால் மோதுகிற கெண்டோவில் நல்ல பெயர். போருக்குப் பிறகு தடை செய்திருந்த கெண்டோவைத் திரும்ப அனுமதித்ததும், எங்கள் கோவில் இலையுதிர்காலத் திருவிழாவில் முதல் ஆளாக ஜெயித்தது அவன்தான். கோடையில் முன்னோர்களை வரவேற்கிற போன் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்தான். குமேஜி வீட்டில் உறவும் அக்கம்பக்கமும் உட்கார்ந்து சாக்கே என்கிற அரிசி மது குடித்தார்கள். என் புருஷனும் அதில் இருந்தார். பெண்கள் பின்கட்டில் தர்ப்பூசணி அறுத்துக்கொண்டிருந்தோம். அதனால் முன்னறையில் நடந்தது மறுநாள் என் புருஷன் வாயால்தான் எனக்குத் தெரிந்தது.

யாரோ வாளைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார்கள். தெட்சுரோ சிரித்துக்கொண்டே, “எனக்கு வேணாம் பெரியப்பா. அந்த வெட்டுன கத்தியக் கொண்டுபோய்க் காட்டுனா எங்க பயிற்சிக் கூடத்துல சிரிப்பாங்க” என்றிருக்கிறான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வயசுத் திமிர்.

குமேஜி கிண்ணத்தைக் கீழே வைத்தார். “சிரிப்பானுங்களா? எங்க வீட்டு மருமக தடியத் தூக்குனா ஒன் கூடத்துல ஒருத்தன் நிக்க மாட்டான். நீ மொதல்ல நிக்க மாட்ட.”

“அண்ணியா? சிப்பி ஒடைக்கிற நம்ம அண்ணியா?”

“அவளேதான். திருவிழாவுக்கு வா. கோவில் முத்தத்துல ஊரே பாக்கட்டும்.”

கேட்டுக்கொண்டிருந்த கோவில் நிர்வாகி, நல்ல வேடிக்கை கிடைத்தது என்று அங்கேயே நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டாராம்.

மறுநாள் காலை நாங்கள் சிப்பிக் குஞ்சு ஒட்டி வளரக் கடலில் தொங்கவிடுகிற வெற்றுச் சிப்பி ஓடுகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தபோது இசோயேயிடம் சொன்னேன். அவள் கோத்துக்கொண்டிருந்த கம்பியை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு எழுந்து நேராக வீட்டுக்கு நடந்தாள். நானும் துணி காயப்போடுகிற சாக்கில் வேலியோரம் போய் நின்றேன்.

குமேஜி வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

“மாமா, என்னயக் கேக்காம என்னய வச்சுச் சவால் விட்டீங்களாமே.”

“குடிச்சிருந்தேன்.”

“பள்ளிக்கூடத்துல தடி சுத்துனத நான் இந்த வீட்டுல வாயத் தொறந்து சொன்னதில்ல. குடிச்சவருக்கு அது எப்படித் தெரிஞ்சுச்சு?”

குமேஜி வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பாத்தேன். ஒரு தடவ களவாணிப் பய ஒருத்தன் தெப்பத்துக் கயித்த அறுக்க வந்தான்ல. நீ மூங்கில எடுத்து அவன் கெண்டைக்கால்ல ஒரே ஒரு போடு போட்ட. அவன் தண்ணியில கெடந்தான். நான் கரையில நின்னுக்கிட்டிருந்தேன்.”

“பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே.”

“என்ன சொல்றதுன்னு தெரியல.”

குமேஜி இன்னும் இரண்டு கண்ணி பின்னினார். எனக்கு ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கை வலித்தது.

“சரி, ஆடுறேன்” என்றாள் இசோயே. “ஆனா வாளு நமியேக்கு. புத்தாண்டுக்கு அவதான் வெளிய எடுக்கணும். நானும் தொடுவேன்.”

“ஜெயிச்சாத்தான?”

“தோத்தாலும்தான். முத்தத்துல நிக்கப்போறது நானு. ஊரு முன்னாடி அடி வாங்கப்போறதும் நானு.”

குமேஜி ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார். “தடிக்கு நல்ல கருவாலி மரக் கட்டை வேணும். படகு செய்றவன்கிட்ட இருக்கும்” என்று எழுந்து நடந்தார். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டிலிருந்து இழைக்கிற சத்தம். போட்டித் தடிக்கு நுனியில் இரும்பு கிடையாது, வளைத்த மூங்கில் பட்டைகள் இரண்டு. அதையும் அவரே நெருப்பில் காட்டி வளைத்தார். முடிவெட்டும் கடைக்காரர் வேலிக்கு வெளியே நின்று, “என்னண்ணே, கல்யாணச் சீரா?” என்று கேட்டபோது, “ஆமா, ஒனக்கும் ஒண்ணு வேணுமா? வந்து வாங்கிக்க” என்றார். பழைய குமேஜி திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குப் பட்டது.

கடல் வற்றுகிற நேரமாகப் பார்த்து ஈர மணலில் இசோயே பழகினாள். எதிரே நிற்க ஆள் வேண்டுமே, கொட்டகைப் பெண்கள் நாங்கள்தான். முதல் நாள் நான் மூங்கில் வாளோடு நின்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கெண்டைக்காலில் விழுந்தது. மறுநாள் காலில் வைக்கோல் சுற்றிக்கொண்டு போனேன். எனக்கடுத்து நின்ற ஷிகே, “புருஷன்கிட்டகூட இவ்வளவு அடி வாங்கினதில்லடி” என்று புலம்பிக்கொண்டே தினமும் வந்தாள். முதலில் இசோயேக்கு மூச்சு வாங்கியது. தடி திரும்பும்போது கை தடுமாறியது. பள்ளிக்கூடத்தை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டதே. கோடை வெயில் தணிகிற சமயத்தில் அவள் தடி வீசுகிற சத்தம் மாறியது. காற்றைத் துணி கிழிப்பது போலக் கிழித்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து மேலே போனாலும் அவளிடம் நெருங்க முடியவில்லை.

திருவிழா நாளில் கோவில் முற்றம் கொள்ளவில்லை. தெட்சுரோவின் கூடத்துப் பையன்கள் ஒரு பக்கம், கொட்டகைப் பெண்கள் நாங்கள் ஒரு பக்கம். குமேஜி சலவைக் கிமோனோ உடுத்தி, முடி வெட்டிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நமியே, பதின்மூன்று வயசு, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவர் ஊர்க் காவலர். மூன்றில் இரண்டு அடி முதலில் எடுப்பவருக்கு வெற்றி. இரவல் கவசத்தில் இசோயே வெளியே வந்தாள். தடியை ஒருமுறை கை மாற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

தெட்சுரோ விளையாட்டாக நிற்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். தடிக்காரிக்கு எட்டடி நீளம் பலம் என்றால், அந்த நீளத்துக்குள் புகுந்துவிட்டால் அவள் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். நடுவர் சொன்னதும் ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்தான். இசோயே தடியைத் திருப்புவதற்குள் அவள் மணிக்கட்டில் அடி விழுந்தது. அவன் பக்கத்துப் பையன்கள் கத்தினார்கள். குமேஜி அசையவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் அவன் அதையே செய்தான். இந்தத் தடவை இசோயே பின்னால் போகாமல் பக்கவாட்டில் சறுக்கினாள். அவன் பாய்ந்த வேகத்தில் கால் முன்னால் வந்தது. கெண்டோக்காரர்கள் காலைக் காத்துப் பழகியவர்கள் இல்லை. தடி தரையோடு ஒட்டி வந்து அவன் கெண்டைக்கால் கவசத்தில் விழுந்த சத்தம் கோவில் மணி மேடை வரைக்கும் கேட்டிருக்கும். நடுவர் கொடியைத் தூக்கினார். ஷிகே, “எனக்கு வலிச்ச எடம்தான்” என்றாள். சுற்றி இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

மூன்றாவது ஆட்டம். தெட்சுரோ நெருங்கவில்லை. அவன் வாள் கொஞ்சம் தாழ்ந்து கால் பக்கமாகவே நின்றது. இசோயே தடியைத் தாழ்த்தினாள். அவன் இன்னும் தாழ்ந்தான். அவள் காலுக்கு வீசினாள், அவன் தடுத்தான். திரும்ப வீசினாள், தடுத்தான். மூன்றாம் தடவை தடி காலை நோக்கிக் கிளம்பியது, அவன் வாளும் கூடவே இறங்கியது. பாதி வழியில் இசோயேயின் இரண்டு கைகளும் தடியின்மேல் இடம் மாறின. கீழே போன நுனி அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்து அவன் தலைக் கவசத்தின் நடு உச்சியில் இறங்கியது. அவள் தொண்டையிலிருந்து வந்த குரலை அதற்கு முன்னால் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கொடி உயர்ந்ததும் நாங்கள் என்ன செய்தோம் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. ஷிகே அழுதுகொண்டிருந்தாள், நான் யாரோ தெரியாத கிழவரின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் முறைப்படி பின்வாங்கி வணங்கினார்கள். தெட்சுரோ தலைக் கவசத்தைக் கழற்றினான். முகம் சிவந்திருந்தது, ஆனால் கோபம் இல்லை. “அண்ணி, அடுத்த வருஷமும் நீங்க வரணும். நான் பதில் சொல்லியாகணும்” என்றான்.

“வாங்க தம்பி. அதுக்குள்ள காலுக்குத் தைலம் தடவிக்கிங்க.”

குமேஜி எழுந்து நின்றார். சுற்றியிருந்த ஊர்க்காரர்களைப் பார்த்து, மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, “இது எங்க வீட்டு மருமக” என்றார். மருமகள் முன்னால் வந்து நின்றபோது இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். மாமனார் மருமகளுக்கு அப்படி வணங்கி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. இசோயே பதறிப்போய்த் தானும் குனிந்தாள். தலைக் கவசத்தைக் கழற்ற மறந்திருந்தாள், அது அவர் தலையில் இடித்தது.

அந்தப் புத்தாண்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நமியே உதட்டில் தாளைக் கவ்விக்கொண்டு வாளை உறையிலிருந்து உருவினாள். இசோயே எண்ணெய் தடவினாள். குமேஜி பக்கத்தில் உட்கார்ந்து பள்ளத்தையும் நுனியையும் எனக்கு விரலால் காட்டினார். “வாளுன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். இது அதுக்கும் மூத்தது. தடியில நின்னு ஊரையே காத்தது” என்று மதிப்பீட்டாளர் சொன்னதையும் சொல்லாததையும் கலந்து சொல்லிக்கொண்டே போனார்.

வசந்தம் வந்ததும் கொட்டகைப் பெண்கள் இசோயேயிடம் போய் எங்களுக்கும் சொல்லிக்கொடு என்று நின்றோம். சிப்பிப் பருவம் முடிந்த மாதங்களில் மணலில் பழகினோம். தடிகளைக் குமேஜிதான் செய்து கொடுத்தார். வலை பின்னுவதை விட்டுவிட்டு அதையே வேலையாக வைத்துக்கொண்டார். என் தடி கொஞ்சம் கோணல், அதை அவர் கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. தெட்சுரோ திருவிழாதோறும் வந்தான். சில வருஷம் அவன் ஜெயித்தான், பல வருஷம் இசோயே ஜெயித்தாள்.

சில வருஷம் கழித்து ஒகாயாமாவில் மாவட்டத்துப் பெண்களெல்லாம் கூடிய நகினாத்தாப் போட்டிக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு குழுவாகப் போனோம். நகரத்துப் பெண்கள் வெள்ளை வெளேரென்று உடுத்தியிருந்தார்கள். எங்கள் கைகளில் சிப்பி கிழித்த தழும்புகள். நான் முதல் சுற்றிலேயே வெளியேறினேன். ஷிகே இரண்டாம் சுற்றில். நமியே அரையிறுதி வரைக்கும் வந்தாள், அம்மாவிடமே தோற்றாள். இசோயே கடைசி ஆட்டத்தில் ஒரு உடற்பயிற்சி ஆசிரியையை இரண்டு அடியில் முடித்தாள். மேடையில் கோப்பையைக் கொடுத்தவர், எந்தப் பயிற்சிக் கூடம் என்று ஒலிபெருக்கியில் கேட்டார்.

“ஹினாசே சிப்பிக் கொட்டகை” என்றாள் இசோயே.

அரங்கத்தில் சிரித்தவர்களும் உண்டு, கை தட்டியவர்கள் அதைவிட அதிகம். திரும்பி வருகிற ரயிலில் கோப்பையில் சாக்கே ஊற்றி எல்லோரும் சுற்றிக் குடித்தோம். எங்களோடு வந்திருந்த குமேஜிக்கு எழுபத்தெட்டு வயசு. ரயில் கிளம்பியதிலிருந்து எதிர்சீட்டில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத குடும்பத்துக்குக் கடைசி ஆட்டத்தைக் கையை வீசி வீசி விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. விளக்கம் முடியவில்லை என்று அவரும் கூடவே இறங்கப் பார்த்தார். இசோயே அவர் கிமோனோவின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.